மூன்று பேர், நான்கு பேர்

பெரியவரின் செல்போனில் மூன்று பேர் நின்றார்கள். வெப்சைட்காரரின் கம்ப்யூட்டரில் நான்கு பேர் நின்றார்கள்.

இரண்டிலும் ஒரே பக்கம்தான். இரண்டு தலைமுறையாகத் தண்ணீர் பம்ப் தயாரிக்கும் அவருடைய கம்பெனியின் வெப்சைட்டில், குடும்பப் படம் இருக்கும் பக்கம்.

மூன்று பேர் என்றால் அவர், மனைவி, இளைய மகள். நான்காவதாக ஓரத்தில் நின்றவள் மூத்தவள். அப்பாவின் தோளில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்த மறு வருடம், பிடித்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுக்க அவர் விட்டதில்லை.

இன்று நாலு மணிக்கு இளையவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெரிய இடம். தரகரிடம் ஒரே பெண் என்று சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார்.

"கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து உங்க வெப்சைட்டை ஒரு தடவை பாத்துடறோம்."

பெரியவர் உடனே வெப்சைட்காரரைக் கூப்பிட்டு, மூத்தவளைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

வெப்சைட்காரர் கெட்டிக்காரர். படத்திலிருந்து மூத்தவளைத் துடைத்து, அவள் கை இருந்த இடத்தில் அவருடைய சட்டையின் கோடுகளைக்கூட விட்டுப்போகாமல் சேர்த்து, எல்லாவற்றையும் புதிய சர்வரில் ஏற்றி, கம்பெனியின் வெப்சைட் பெயரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்.

"மாத்தியாச்சுன்னா மாத்தியாச்சு. அப்புறம் அவ ஏன் இன்னும் நிக்கிறா?"

"பேரைச் சொன்னா வழி சொல்றவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க ஐயா. உங்க போனுக்கு வழி சொல்றவருக்குப் புது இடம் தெரிஞ்சு போச்சு. என் கம்ப்யூட்டருக்குச் சொல்றவர் இன்னும் பழைய இடத்தையே கை காட்டுறார். எல்லாருக்கும் சேதி போய்ச் சேர ரெண்டு நாள்கூட ஆகும்."

"மாப்பிள்ளை வீட்டுல எது தெரியும்?"

"அது கடவுளுக்கே தெரியாதுங்க."

கம்பெனியில் அவர் கையை உயர்த்தினால் இருபது மெஷின் நிற்கும். இங்கே யாரைப் பார்த்துக் கையை உயர்த்துவது?

பழைய இடத்தில் இருப்பதையே அழித்துவிடச் சொன்னார். அதன் பாஸ்வேர்டு மூத்தவளிடம் இருந்தது. வெப்சைட்டை முதலில் செய்தவள் அவள்தான். டொமைனும், அதாவது வெப்சைட்டின் பெயரும், அவள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது என்று வெப்சைட்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

கம்பெனியின் பெயர் பெரியவருடைய அப்பாவின் பெயர். வாசலில் போர்டு எழுதுவது போல இதையும் யாரோ எழுதிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்தப் பெயர் இத்தனை வருடமும், வீட்டில் பெயர் சொல்லக் கூடாத ஒருத்தியின் பெயரில் இருந்திருக்கிறது.

"அப்போ காலையில எப்படித் திருப்பினீங்க?"

"அவங்களுக்கு மெயில் போட்டேன். ஏன் இவ்வளவு அவசரம்னு கேட்டாங்க. தங்கச்சியைப் பெண் பார்க்க வர்றாங்கன்னு சொன்னேன். எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டாங்க. ரெண்டே நிமிஷத்துல ஒப்புதல் குடுத்துட்டாங்க." வெப்சைட்காரர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒரு போன் போட்டீங்கன்னா, பழைய படத்தையும்..."

"எனக்கு ஒரே பொண்ணு."

மூத்தவளின் நம்பர் அவருக்கு மனப்பாடம். செல்போனை எடுத்து, அந்த மூன்று பேரையே மறுபடியும் திறந்து பார்த்தார்.

மணி மூன்றேகால். மூன்றரைக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வெப்சைட்காரர் மறுபடியும் ரிஃப்ரெஷ் தட்டினார்.

மூன்று பேர்.

பெரியவரின் முதுகு பழையபடி நிமிர்ந்தது. "ரெண்டு நாளாம், ரெண்டு நாள்! வந்துடுச்சு பாத்தீங்களா?"

வெப்சைட்காரர் எதையோ இரண்டு முறை தட்டிச் சரிபார்த்தார்.

"இல்லைங்க ஐயா. இது இன்னும் பழைய இடம்தான். அங்கேயே படத்தை மாத்தியிருக்காங்க."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

கையிலிருந்த செல்போனில் அவருடைய தோள் சுத்தமாக இருந்தது. கம்ப்யூட்டரில், படத்தை வெட்டிய ஓரத்தில், அவர் தோளின் மேல் நான்கு விரல்கள் மட்டும் இருந்தன.