முன்வரிசை

டிக்கோயா மைதானத்தில் இசை நிகழ்ச்சி மூன்று மணிக்குத்தான். பூரணி பன்னிரண்டுக்கே தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் இருபது பேரோடு முன்வரிசையைப் பிடித்துவிட்டாள்.

“இன்னைக்குக் கொழுந்தெடுக்கப் போகலையாக்கா?” உட்காரக் கதிரைகளை வரிசையாகப் போட்டவன் கேட்டான்.

“அந்தப் பாட்ட நேர்ல கேக்கணும்பா.”

பாடகன் திலக்ஷன் அந்தப் பாட்டைத்தான் கடைசியாக எடுத்தான். ஊரெல்லாம் ஆட வைத்த குத்துப்பாட்டு.

“தேயிலைக்குள்ள போன ராசா திரும்பி வரலையே...”

மைதானமே ஆடியது. முன்வரிசை மட்டும் அழுதது.

அவனுக்குப் புல்லரித்துவிட்டது. “இந்த அம்மாங்க பாசத்தப் பாருங்க. மேல வாங்கம்மா, சேந்து பாடுவோம்.”

எல்லோரும் மேடையேறி அவனைச் சுற்றி நின்றார்கள். பூரணியிடம் மைக்கை நீட்டினான்.

“பாட்டு தெரியுமாம்மா?”

“தெரியாம என்ன தம்பி? குளவி கொட்டி எங்க வீட்டுக்காரரு செத்தன்னிக்கு நான் அழுத ஒப்பாரிதான? துக்கம் கேக்க வந்த நீங்க, வாசல்ல நின்னு போன்ல புடிச்சீங்களே.”

ஆட்டம் நின்றது. மைக்கைப் பிடுங்கப் பார்த்தான், அவள் விடவில்லை.

பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, அவனை நடுவில் வைத்து வட்டமாக உட்கார்ந்தார்கள். கீழே சனம் எழவு வீட்டில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றது.

பூரணி மாரில் அடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

“தேயிலைக்குள்ள போன திலக்ஷா திரும்பி வரலையே...”