மாஸ்டர் சொன்ன லத்தீன் பாட்டு

"அவர் 'இல்லை' எண்டு சொன்னாலும் நீங்கள் மனம் உடைஞ்சு போகக் கூடாது, பெரியம்மா."

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில், ஒரு மூன்றாம் மாடிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு பேர்சி இதை மறுபடியும் சொன்னான்.

"நீ முதல் மணியை அடி மோனை," என்றாள் எமிலி.

எமிலி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது அந்த 1987ஆம் ஆண்டுதான். முந்திய வருடம் காலமான அவள் கணவர் சூசைப்பிள்ளை மாஸ்டர், அங்கே ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் லத்தீன் படிப்பித்தவர். பிரம்பும் கையுமாகவே ஊர் கண்ட மனிதர். கலியாணமான புதிதில் ஒரு லத்தீன் பாட்டை மனைவிக்குச் சொல்லிக் கொடுத்து, "பழைய ரோமாபுரிப் புலவன் ஒருத்தன் தன்ரை மனிசிக்குப் பாடினது" என்றாராம். கருத்துக் கேட்டதற்கு, "உனக்கு விளங்காது" என்று எழும்பிப் போய்விட்டாராம். எமிலி அதைச் செபம் போலப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

வருகிற ஞாயிறு மாஸ்டரின் ஆண்டுத் திருப்பலி. நினைவு அட்டையில் அந்தப் பாட்டைப் போட வேண்டும். கீழே யாருடைய பெயரைப் போடுவது? இதைக் கேட்கத்தான் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் அவர்களை லத்தீன் பேராசிரியர் அம்ஸ்டுட்ஸிடம் அனுப்பியிருந்தார்.

உள்ளே போய் இருந்ததும் எமிலி பாட்டைச் சொன்னாள். பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். ஓரிடத்தில் அவர் புருவம் உயர்ந்தது. பிறகு பேர்சியிடம் ஜெர்மனில் மெதுவாகக் கதைத்தார்.

"எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இது பழைய ரோமர் பாட்டே இல்லை."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"இந்த இடத்தைக் கேளுங்கள். 'மிளகாய் அரைத்த உன் கைகள் நெருப்பாய் எரிகின்றன. அந்தக் கைகள் இட்ட சோறு என் நெஞ்சைக் குளிர்விக்கிறது.' மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்தக் கால ரோமர் அதைக் கண்ணாலும் கண்டதில்லை."

"மிளகாய் இல்லாமலா? அப்போ என்னத்தைத்தான் சாப்பிட்டார்கள்?"

பேராசிரியருக்குச் சிரிப்பு வந்தது. உடனேயே மறைந்தும் போனது.

"பிற்காலத்தில் யாரோ எழுதி, பழைய புலவனின் பெயரை ஒட்டிவிட்டார்கள். இப்படி எத்தனையோ பாட்டுகள் உண்டு. பெயர் இருக்கும்வரை பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள், கல்லறையில் வெட்டுவார்கள். என்னைப் போல ஒருவன் வந்து பெயரைக் கழற்றினால், பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டில் ஓர் எழுத்துக்கூட மாறியிராது. ஆயுள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்திருக்கிறேன். ஒருவராவது நன்றி சொன்னதில்லை."

"என்னவாம்?" எமிலி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பேர்சி அவள் முகத்தைப் பார்த்தான். உள்ள சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இந்த ஒரு பாட்டோடு வந்தவள்.

"அசல் பழைய பாட்டுத்தானாம், பெரியம்மா. ரோமாபுரிப் புலவன்ரைதானாம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம்."

"சந்தேகமே இல்லையாமோ?"

"இல்லையாம்."

எமிலியின் கண் நிறைந்தது. சந்தோசக் கண்ணீர் என்று பேர்சி நினைத்தான்.

"சரி. அப்ப அந்த ரோமாக்காரன்ரை பேரையே போடு. வேறை என்ன செய்யிறது?" தேநீரைத் தொடாமலே எழும்பி, குளிர்கோட்டை எடுத்தாள்.

"உண்மையை எவ்வளவு தைரியமாகத் தாங்கிக்கொண்டார், பாருங்கள்!" என்றார் பேராசிரியர்.

பேர்சிக்குச் சுருக்கென்றது.

"நில்லுங்கோ பெரியம்மா. நான் பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன பொய்?"

"அது பழைய பாட்டில்லையாம். பாட்டுக்குள்ளை மிளகாய் வருகுதாம். ரோமாக்காரருக்கு மிளகாயே தெரியாதாம். பெரியப்பாவை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

எமிலி ஒரு கையில் கோட்டோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"மிளகாயோ? என்ன சொல்லியிருக்கு?"

"மிளகாய் அரைச்ச உன்ரை கை நெருப்பா எரியுது, அந்தக் கையாலை போட்ட சோறு நெஞ்சைக் குளிர வைக்குது எண்டு."

எமிலி சிரித்தாள். அவள் வந்த நாளிலிருந்து பேர்சி கேட்டிராத சிரிப்பு. எழுந்து போய், பேராசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயாவுக்குக் கோடி புண்ணியம் எண்டு சொல்லு."

பேராசிரியர் திகைத்துப் போய்ப் பேர்சியைப் பார்த்தார். "பாட்டுப் பொய் என்றுதானே சொன்னேன்? எதற்கு நன்றி?"

"எதுக்கெண்டோ கேக்கிறார்?" எமிலி கண்ணைத் துடைத்தாள். "புத்தகத்திலை கிடக்கிற பாட்டைச் சொல்லுற வாத்தியாருக்கு ஏனடா குரல் நடுங்கினது? கலியாணம் கட்டின நாளிலையிருந்து எனக்கு இந்தச் சந்தேகம். அந்த மனிசன் வாய் திறந்து எனக்கெண்டு ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. இந்தப் பாட்டாவது ரோமாக்காரன்ரையா இருந்துவிடக் கூடாது ஆண்டவரே எண்டு நெஞ்சு பதறிக்கொண்டுதான் இஞ்சை ஏறி வந்தனான். பேரைப் போடு, பேர்சி: சூசைப்பிள்ளை."