முப்பத்தெட்டு நொடி

முப்பத்தெட்டாவது நொடியில் நெலிதா விசிலை ஊதிவிட்டாள்.

ஊதியிருக்க வேண்டியது அறுபதாவது நொடியில். இறந்தவருக்கு ஒரு நிமிட மௌனம் என்றால் எந்த ஊரிலும் அறுபது நொடிதான். அதுவும் இறந்தவர் தோன் எவாரிஸ்தோ. இருபத்தாறு வருஷம் இந்த ஊர் கால்பந்து லீகில் நடுவராக ஓடியவர். ஆட்டத்தை அரை நொடி முன்னால் முடித்தாலும் அது திருட்டு என்று நினைத்தவர். நெலிதாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். பெண் நடுவரா என்று லீக் மூக்கைச் சுளித்தபோது, "அப்ப எனக்கும் வேற வேலை இருக்கு" என்று ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்துகொண்டவர்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு அவள் இருபத்திரண்டு நொடி மிச்சம் பிடித்தாள்.

குனிந்திருந்த தலைகள் எல்லாம் திடுக்கிட்டு நிமிர்ந்தன. எதிர்ப்பக்கம் இருந்த ஆலைப்பேட்டை ரசிகர்கள், இருநூறு பேர் இருப்பார்கள், காது கிழிய விசிலடித்தார்கள். இந்த ஊரில் விசிலடிப்பது பாராட்ட அல்ல, காறித் துப்புவதற்குப் பதில்.

நெலிதா காதில் வாங்கவில்லை. பந்தை நடுவில் வைத்து ஆட்டத்தை ஆரம்பித்தாள். யார் ஜெயித்தார்கள் என்று அன்று சாயங்காலம் ஊரில் யாரும் பேசவில்லை.

ஆட்டம் முடிந்து நடுவர் அறைக்கு வந்தபோது, லீக் செயலாளர் அல்சீதெஸ் நாற்காலியில் காத்திருந்தார். லைன்ஸ்மேன் ஹெபெர் ஒரு மூலையில் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன நெலிதா, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?"

நெலிதா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"வாட்ச் நின்னுபோச்சுன்னு மட்டும் கதை விடாத. தொண்ணூறு நிமிஷமும் அதே வாட்ச்சைப் பார்த்துத்தான் ஊதின. மைதானமே தலை குனிஞ்சு நிக்குது. நான் நிமிர்ந்து பார்த்தா நீ கேலரியை வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கற."

"ஆமா."

"என்ன ஆமா? வர்ற ஞாயிறு பைனல் அவர் பேர்ல நடக்குது. அவரோட விசிலையே உன் கையில குடுத்து ஊதச் சொல்றதா இருந்தோம். இப்ப கமிட்டி என் கழுத்துல கத்தி வைக்குது. நியாயமா ஒரு காரணம் சொல்லு, எழுதிக்கிறேன். பைனல் உனக்குத்தான்."

அந்தப் பைனலுக்காக நெலிதா எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். அவர் விசிலை ஒரே ஒரு தடவை ஊத வேண்டும் என்பது பதினான்கு வருஷத்து ஆசை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

கதவு திறந்தது. கறுப்பு உடையில் சுல்மா உள்ளே வந்தாள், எவாரிஸ்தோவின் மனைவி. கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே இலைத் தேநீர் போட்ட கிண்ணம்.

நெலிதா வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு," என்றார் அல்சீதெஸ். "அவங்க முன்னாடியே சொல்லு."

"காரணம் ஒண்ணுமில்ல. கவனமில்லாம ஊதிட்டேன்."

அல்சீதெஸ் பேனாவை எடுத்தார். பைனல் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

சுல்மா உட்கார்ந்து கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றித் தான் முதலில் உறிஞ்சினாள். மறுபடி ஊற்றி அல்சீதெஸிடம் கொடுத்தாள். அவர் குடித்துத் திருப்பிக் கொடுத்ததும் ஹெபெருக்கு ஊற்றினாள். அறையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் போக வேண்டிய கிண்ணம் நெலிதாவைத் தாண்டிப் போயிற்று. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நான் உன்னைத் திட்ட வரல," என்றாள் சுல்மா. "ஒரு விஷயம் சொல்லிட்டுப் போக வந்தேன். ஆலைப்பேட்டைக்கு எதிரா அவர் ஒரு பெனால்டி குடுத்தாரே, பதினோரு வருஷம் ஆச்சு. அன்னியிலேருந்து அவரை மனுஷனா மதிக்கல அவங்க. எங்க வீட்டுச் சுவத்துல திருடன்னு எழுதினாங்க. நாலு தடவை வெள்ளையடிச்சோம். ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுகூட அதையேதான் பேசிக்கிட்டிருந்தார்."

நெலிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கு அவங்க வந்தப்ப என்ன பண்ணப் போறாங்களோன்னு பயந்தேன். ஆனா ஒருத்தரும் மூச்சு விடலையே. அது மட்டுமா, நீ பாதியில நிறுத்தினதும் அவங்களுக்குத்தான் முதல்ல பொறுக்கல. என்னமா விசிலடிச்சாங்க உன்னை. அவருக்காக, என் புருஷனுக்காக." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அவர் வளர்த்த நீ மதிக்கல, அவரை வெறுத்தவங்க மதிச்சுட்டாங்க. இதைப் பார்க்கத்தான் அவருக்குக் குடுத்து வைக்கல."

"ஆமா சுல்மாம்மா," என்றாள் நெலிதா. "என்னைப் பார்த்துத்தான் விசிலடிச்சாங்க."

சுல்மா பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். வந்தபோது இருந்ததைவிட முதுகு நிமிர்ந்திருந்தது. அல்சீதெஸ் அவளை வீடுவரை கொண்டுவிடப் போனார்.

ஹெபெர் கதவைச் சாத்தினான்.

"உன்னை எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். நீ கவனமில்லாம மூக்குகூடச் சிந்தமாட்ட. ஆனா அந்தம்மா சொல்றதும் சரிதானே? நீ ஊதின அப்புறம்தானே அவங்க விசிலடிச்சாங்க?"

நெலிதா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு கொஞ்சம் இறுகியிருந்தது.

"விசிலடிச்சது நான் ஊதின அப்புறம்தான் ஹெபெர். இருநூறு பேரும் விரலை வாயில வச்சுக்கிட்டு, ஒருத்தன் கையசைக்கறதுக்காகக் காத்துக்கிட்டு நின்னது அதுக்கு முன்னாடி."