ராஜா அங்கியில் ஏழு முடிச்சு

"பர்ர்ர்ர்!"

ராஜா அங்கியைக் கழற்றிய சத்தம்தான் அது.

போரில் மாண்ட மகன்மேல் தன் அங்கியைப் போர்த்திவிட்டு ராஜா அழ வேண்டிய காட்சி. சபையே கலங்க வேண்டிய இடத்தில் படைவீரர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். செத்துக் கிடந்த இளவரசனுக்கே தோள் குலுங்கியது.

"கட்!" என்றார் டைரக்டர்.

காஸ்ட்யூம் டிசைனர் விறுவிறுவென்று வந்து அங்கியைப் பிடுங்கிப் புரட்டினாள். மார்பில் வரிசையாக ஏழு கயிற்று முடிச்சுகள். ஏழும் போலி! அடியில், பிள்ளைகளின் ஸ்கூல் ஷூவில் இருக்குமே, அந்த வெல்க்ரோ.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எரியாதா பின்னே? பட்ஜெட் இல்லை என்று கம்பெனி கையை விரித்தபோது, ஜன்னல் திரைச்சீலையை வெட்டி ராஜ உடை பண்ணியவள் அவள். அந்தக் காலத்தில் முடிச்சுதான், பொத்தான்கூடக் கிடையாது என்று ஒவ்வொரு சிலையாகப் பார்த்து வரைந்து கொடுத்திருந்தாள்.

"மாஸ்டர்! யாரைக் கேட்டு இதை வச்சீங்க?"

டைலர் ஓரமாக நின்றிருந்தார். "என் தப்புதான் மேடம்."

"ராஜா காலத்துல ஏது வெல்க்ரோ? அடுத்து கிரீடத்துக்குள்ள ஃபேன் வைப்பீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்து, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் நாடக மேடையில் முழங்கிய பெரியவர் அவர்.

"இதைப் பிரிச்சுட்டு நிஜ முடிச்சு போடுங்க. அரை மணி நேரம் தரேன்."

"முடிச்சு வேண்டாம் மேடம். இழுத்தாலே விட்டுடற மாதிரி, சத்தம் வராத கொக்கி வச்சுத் தரேன்."

"கொக்கியா! மந்திரி வேஷத்துக்கு ஆளை மாத்தினப்போ, புது மந்திரிக்கு ஒரே நாள்ல முழு உடுப்பும் தைச்சீங்களே, இதுக்கு மட்டும் என்ன சோம்பேறித்தனம்? முடியாதுன்னா சொல்லுங்க, வேற டைலரை வரச் சொல்றேன்!"

"வரச் சொல்லுங்க மேடம்."

அவ்வளவுதான். மனுஷர் விடுவிடுவென்று தையல் அறைக்குப் போய், கத்தரிக்கோலையும் அளவு டேப்பையும் எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

அவள் விடவில்லை. பின்னாலேயே போனாள்.

"தப்பும் பண்ணிட்டு ரோஷம் வேறயா?"

டைலர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"முடிச்சு போட்டா காட்சியில ராஜா சார்தானே மேடம் அவிழ்க்கணும்? அவரால முடியாது. கை நடுங்குது. அளவெடுக்கும்போதே பார்த்தேன். 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாஸ்டர், இந்த வேஷமும் போயிடும்'னு கெஞ்சினார்."

அவளுக்குக் கோபம் இறங்கியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"ஏன் மாஸ்டர், இதை என்கிட்ட சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்? நானும் மனுஷிதானே?"

டைலர் டேப்பைச் சுருட்டியபடியே கேட்டார்.

"பழைய மந்திரிக்குக் கை நடுங்குது, சால்வை தோள்ல நிக்கலன்னு டைரக்டர்கிட்ட சொல்லி ஆளை மாத்த வச்சது நீங்கதானே மேடம்?"