மிளகளவு முடிச்சு

“இந்தக் கருவி எதுக்குங்க?” என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். “நான் எங்கெல்லாம் போனேன்னு இது சொல்லும்” என்றான் சர்வேயர் கணவன். “எப்போ வருவீங்கன்னு சொல்லுமா?” அதற்கு அவன் சிரித்ததோடு சரி.

ஆறு வருடம் கழித்து, இந்தக் காலை வெயிலில், அதே ஜிபிஎஸ் கருவி கணினியோடு கேபிளில் கோத்துக் கிடக்கிறது. கேபிளின் முனை லூஸ். அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தால்தான் போன பயணத்தின் தடம் ஏறும். விரல் அசைந்தால் ‘டொங்’ என்று அறுந்துவிடும். வாசலில் ஆபீஸ் ஜீப் ஹாரன் அடிக்கிறது. அவன் ஒற்றைக் காலில் ஷூவோடு இன்னொன்றைத் தேடி அறைக்கும் கூடத்துக்கும் அலைகிறான். “ஆச்சாம்மா?” “பறக்காதீங்க, ஏறிட்டிருக்கு.” திரையில் மலை, காடு, ஆறு என்று சிவப்புக் கோடு நீள்கிறது. கடைசியில் அவர்கள் வீட்டின் மேல், சிக்கு விழுந்த நூல் மாதிரி ஒரு கிறுக்கல். “இதென்னங்க?” “வந்ததும் ஆஃப் பண்ண மறந்துட்டேன். கூரைக்குள்ள சிக்னல் தடுமாறும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் நடக்கிறேன்னு நினைச்சுக் கோடு போடும்.” “உங்களை நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கு.” அவன் சிரித்தபடி கட்டிலுக்கடியில் குனிகிறான். அவன் வீட்டில் இருந்தது இரண்டு நாள் விடுமுறைதான். அத்தனை நீளக் கோட்டிலும் அவள் இருக்கும் இடம் இந்த மிளகளவு முடிச்சு மட்டும்தான். மறுபடியும் ஹாரன். ஆறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று, கேபிளை விடாமல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: “இந்தத் தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க.”