அப்பா ஆடிய அப்பா

"அப்பா, நீங்க செத்துட்டீங்க" என்றாள் மகள்.

"அதுக்குள்ளயா? இப்பத்தானேடி வாளையே உருவினேன்!"

"உருவினீங்க. உங்க கால்லயே போட்டுக்கிட்டீங்க."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே விடாத மழை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மகள் இந்தக் கதை விளையாட்டைப் பரப்பியிருந்தாள். அவள் கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா, சொதப்புமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மனிதருக்கு வாளும் பூதமும் ஒத்துவரவில்லை. ஆனாலும் கல்யாணமாகிப் போன பெண் லீவுக்கு வந்து ஆசையாகக் கூப்பிடும்போது எப்படித் தட்டுவது? வந்ததிலிருந்து கண் டாக்டரிடம் போகலாம் என்று அவள் நச்சரித்ததைத்தான் தினமும் தட்டிக்கொண்டிருந்தாரே.

"சரி, புதுசா ஒரு ஆள் பண்ணுவோம்" என்றாள் மகள். "இந்தத் தடவை வீரன், சூரன் எல்லாம் வேணாம். நீங்க நீங்களாவே வாங்க. பலம், பலவீனம் எல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லணும்."

"என்னை வச்சு என்னடி கதை?"

"அதை நான் பாத்துக்கறேன். இருபதுக்கு, பலம் எவ்வளவு போடட்டும்?"

"பதினெட்டு."

"நேத்து கேஸ் சிலிண்டரை நகத்திட்டு அரை நாள் படுத்திருந்தாரு. எட்டு போடு" என்றாள் மனைவி.

"பொறுமை?"

"அது எங்க இருக்கு இவர்கிட்ட? ரெண்டு போடு, பாவம்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"பார்வை?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "இருபது" என்றார். "பஸ் ஓட்டுறவன் கண்ணுடி இது."

மகளின் முகம் எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு புகைத்திட்டுதான் இருந்தது. ஓரத்தில் காதும் தோடும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

கொஞ்ச மாதங்களாகவே எதைப் பார்த்தாலும் நடுவில் அந்தத் திட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. பாதைதான் மனப்பாடமாயிற்றே என்று ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு விடுவதற்கு முன்னால் ஒரு திருப்பத்தில், பின்னால் பிள்ளைகள் அலறிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

மகள் அவர் உள்ளங்கையில் ஒரு பகடையை வைத்தாள். "இவ்வளவு நேரம் அம்மா பாத்துச் சொன்னாங்க. இனிமே உங்க ஆளு, உங்க பகடை. நீங்களே உருட்டி, நீங்களே பாத்துச் சொல்லணும்."

"இதென்ன புதுச் சட்டம்?"

"ஆட்டத்தை நடத்துறவ வச்சதுதான் சட்டம்" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஒரு வண்டி ஓட்டிக்கிட்டு வர்றீங்க. மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். வண்டி நிறைய பிள்ளைங்க. திடீர்னு பனி இறங்குது. பத்துக்கு மேல விழுந்தா திருப்பம் தெரியும். இல்லன்னா வண்டி பள்ளத்துல."

"தலை வலிக்குதும்மா. அப்புறம் ஆடலாமே."

"முடியாதுப்பா. உள்ள பிள்ளைங்க இருக்காங்க."

அவர் உருட்டினார். பகடை தடதடவென்று ஓடித் தண்ணீர்ச் செம்பில் முட்டி நின்றது. குனிந்தார். வெள்ளையாக ஒன்று, அதன் மேல் புகை. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. இருபது என்றால் நம்ப மாட்டார்கள். பதினொன்று என்றால் வேண்டுமென்றே சொன்னது போலிருக்கும்.

"பதிமூணு" என்றார்.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அத்தை, ஒரு டீ கிடைக்குமா?" என்று மாப்பிள்ளை அவசரமாகக் கேட்டான். அவள் எழுந்து போகவில்லை. வாயை மட்டும் மூடிக்கொண்டாள்.

அவருக்குத் திக்கென்றது. ஒன்றிரண்டு கூடக்குறைய ஆகிவிட்டதோ? ஆனால், பகடை லேசாகச் சாய்ந்து நின்றாலே மல்லுக்கு நிற்கும் மாப்பிள்ளை சும்மா இருக்கிறானே. அப்படியானால் சரியாகத்தான் இருக்க வேண்டும்.

"திருப்பம் தாண்டியாச்சு" என்றாள் மகள். "இப்ப ரோட்டு நடுவுல ஒரு பிள்ளை நிக்குது. பதினஞ்சாவது விழணும்."

"நடு ரோட்டுல பிள்ளை எங்கடி வந்துச்சு?"

"வரும்ப்பா. உருட்டுங்க."

விரல்கள் வியர்வையில் வழுக்கின. அன்றைக்குக் கேட்ட அலறல் காதுக்குள் மறுபடி எழுந்தது. பகடை உருண்டு நின்ற பிறகு, வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"பதினேழு!"

யாரும் கை தட்டவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா, தப்பியாயிற்று.

"பாத்தியா? அந்தப் பிள்ளை மேல ஒரு கீறல் இல்ல. நாளைக்கும் இப்படித்தான் ஓட்டுவேன். இனிமே டாக்டர், கீக்டர்னு என்னைப் படுத்தாத."

மகள் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். பகடையை எடுத்து அவர் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பகடையில நம்பரே கிடையாதுப்பா."