மச்சானின் டிஸ்க்

"பதினெட்டு வருஷ உறவுக்கு என் மச்சான் போட்டிருக்கிற விலை என்ன தெரியுமாம்மா? முப்பத்திரண்டு பூ டிசைன்," என்றார் எம்பிராய்டரிக் கடைக்காரர். "சில்லறை விலைகூட இல்ல. மொத்த விலை."

பழுது பார்க்க வந்த பெண் தோள்பையைக் கழற்றிக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, எம்பிராய்டரி மெஷினோடு இணைத்திருந்த பழைய கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தாள். பையை அவள் அப்படி இடுக்கியது கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. மச்சான் கடைக்கும் இவள்தான் மெக்கானிக். பிளாப்பி டிரைவைத் தொடத் தெரிந்தவர் ஊரில் வேறு யாருமில்லை என்பதால்தான் கூப்பிட்டிருந்தார்.

அவரும் தங்கையின் கணவனான இந்த மச்சானும் அடுத்தடுத்த தெருவில் ஒரே தொழில். போன மாதம் இருவரும் சேர்ந்து போய், பழைய சாமான் கடையில் அடித்துப் பேசி, ஒரே மாதிரி இரண்டு டிரைவ் வாங்கி ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். இந்தத் திங்கட்கிழமை கடைக்காரர் தன் டிஸ்க்குகளில் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். முப்பத்திரண்டு டிசைன்களின் பெயரும் வந்தன. அதை எடுத்துவிட்டு மச்சானின் டிஸ்க்கைப் போட்டார். அதிலும் அதே முப்பத்திரண்டு; பெயர், தேதி, வரிசை எல்லாம் அச்சு அசல். நம்ப முடியாமல் டிரைவைக் கழற்றி, ஊதி, துடைத்து, மறுபடி மாட்டினார். அதிலிருந்து டிரைவின் விளக்கு அணையவே இல்லை. எதையும் படிக்கவும் இல்லை.

"நாலு மணிக்கு என் தங்கச்சிய வரச் சொல்லியிருக்கேன். அவ கண்ணு முன்னாடி ரெண்டையும் போட்டுக் காட்டிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு, இன்னியோட அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கிறதில்லைன்னு இருக்கேன்."

"அவரு டிஸ்க் உங்க கைக்கு எப்படிண்ணே வந்துச்சு?"

"அதெல்லாம் குடும்ப விஷயம். நீ டிரைவைப் பாரும்மா."

முன்னறையிலிருந்து டார்ச் எடுத்து வர முடியுமா என்று கேட்டாள். அவர் மேஜை டிராயரை இழுத்து ஒன்றை நீட்டினார். தண்ணீர் கேட்டாள். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்து வரவழைத்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வரச் சொன்னாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பிளக்கையே பிடுங்கினார்.

ஒவ்வொரு முறையும் அவள் கண் அலமாரியில் இருந்த டிஸ்க் பெட்டிக்குப் போய்த் திரும்பியதை அவர் கவனிக்காமல் இல்லை. நம்மை வெளியே அனுப்பப் பார்க்கிறாள். மிச்சம் மீதியையும் மச்சானுக்கு அள்ளிப் போகத்தான் அந்தப் பை என்று முடிவுகட்டி, நாற்காலியை அலமாரியை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் பெருமூச்சு விட்டபடி, கேபிளைத் தலைகீழாகச் சொருகியிருக்கிறீர்கள், சிவப்புக் கரை முதல் ஊசிப் பக்கம் வர வேண்டும் என்றாள். திருப்பி மாட்டி, பிளக்கைச் சொருகினாள். விளக்கு எரிந்து, அடங்கியது.

கடைக்காரர் தன் டிஸ்க்கைப் போட்டார். முப்பத்திரண்டு. அதை எடுத்து மச்சானுடையதைப் போட்டார். அதே முப்பத்திரண்டு.

"பாத்தியா? கையும் களவுமா."

அவள் பையில் கைவிட்டாள். அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதற்குள், ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பையை மூடிவிட்டாள். அவர் எதிரிலேயே உறையைக் கிழித்து, ஒரு புது டிஸ்க்கை எடுத்துப் போட்டாள். திரையில் முப்பத்திரண்டு பூக்கள்.

"இப்பத்தான் பிரிச்ச பாக்கெட். இதுலயும் உங்க பூதான் பூத்திருக்கு. டிஸ்க் செஞ்ச கம்பெனிக்காரனும் உங்க மச்சானுக்குச் சொந்தமாண்ணே?"

கடைக்காரர் கிழிந்த உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டிஸ்க் மாறியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கேபிளில் தனியாக ஒரு கம்பி உண்டு என்று அவள் விளக்கினாள். டிரைவின் பின்புறம் ஜம்பர் என்கிற துளியூண்டு மூடி இடம் மாறி உட்கார்ந்திருந்ததால், அந்தக் கம்பி வாயே திறக்கவில்லை. கம்ப்யூட்டரும் முதலில் பார்த்த பட்டியலையே எல்லா டிஸ்க்குக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, இடுக்கியால் ஜம்பரை நகர்த்திவிட்டு, மறுபடி இரண்டையும் போட்டாள். முதலில் அவருடைய பூக்கள் வந்தன. அடுத்து மச்சானுடையது: கொடி, இலை, பட்டாம்பூச்சி. பேருக்கு ஒரு பூகூட இல்லை.

மணி மூன்றே முக்கால்.

"தங்கச்சிகிட்ட என்னம்மா சொல்லுவேன்?"

"முதல்ல எனக்குச் சொல்லுங்க. இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மச்சான் கடை மாடியில் விருந்து. அவன் கை கழுவப் போன நேரத்தில், கீழே இறங்கி, மெஷினிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். "புதுசா என்ன போடுறான்னு பாத்துட்டு, திரும்ப வச்சிடலாம்னுதான்..."

அவள் பையை மடிமேல் வைத்துத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் கடைக்காரரின் சொந்தக் கையெழுத்து.

"நேத்து உங்க மச்சான் டிரைவிலயும் இதே ஜம்பரைத்தான் மாத்தினேன், அதுவரைக்கும் அவரும் உங்களைத்தான் திருடன்னு திட்டிக்கிட்டு இருந்தாரு. போன வாரம் இங்க வந்திருந்தப்ப, நீங்க டீ சொல்ல வெளியே போன நேரத்துல அவரு எடுத்ததாம், உங்களுக்குத் தெரியாம பெட்டியில வச்சிடுன்னு சத்தியம் வாங்கி அனுப்பினாரு, நீங்க என்னடான்னா நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறீங்க."

வாசலில் தங்கையின் குரல் கேட்க, கடைக்காரர் திரும்பி வந்த தன் டிஸ்க்கை அவசரமாகப் பெட்டியில் செருகி, டிரைவிலிருந்த மச்சானுடையதை மெக்கானிக்கின் பைக்குள் போட்டார்: வந்தது ஒன்று, போனது ஒன்று, பாக்கி நிற்பது தங்கையை எதற்கு வரச் சொன்னோம் என்பதற்கு ஒரு காரணம் மட்டும்.